இலக்குக்குப் பின்னால்

கொல்லி மலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு மற்றதெல்லாம் மறந்து போனாலும் ஒரு விஷயம் மறக்காது. அவன் விட்ட ஒரே அம்பு முதலில் ஒரு யானையைச் சாய்த்தது. அப்புறம் ஒரு புலியின் வாயைத் துளைத்தது. ஒரு மானை உருட்டியது. ஒரு காட்டுப் பன்றியை வீழ்த்தியது. கடைசியில் புற்றுக்குள் கிடந்த உடும்பின் மேல் போய்த் தைத்து நின்றது. புறநானூற்றில் வன்பரணர் இதைப் பாடி வைத்திருக்கிறார். கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்ற பெருமையும் ஓரிக்கு உண்டு. ஆனால் அவன் கொடுத்ததை விட அவன் எய்ததுதான் ஜனங்களின் மனத்தில் நிற்கிறது. கொடையைக் காட்டிலும் குறி சுவாரசியமானது போலும்.

இந்தப் பாட்டைப் பற்றி ஓர் ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியரிடம் ஒரு நாள் பேசிக்கொண்டிருந்தேன். ஊரில் அவரை டிரில் மாஸ்டர் என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். தமிழ் தெரிந்தவர்கள் யாரிடம் இந்தப் பாட்டைச் சொன்னாலும் தலையை ஆட்டி ரசிப்பார்கள். டிரில் மாஸ்டர் தலையை ஆட்டவில்லை. முகத்தைச் சுளித்தார்.

"ஓரி மகராஜாவே நேரில் வந்தாலும் நம்ம மைதானத்துக்குள்ளே விட மாட்டேனுங்க," என்றார்.

"ஏன்?"

"அம்பு அஞ்சாவது பிராணி வரைக்கும் போயிருக்குதே! யானைக்குப் பின்னாலே புலி இருக்குதா, புலிக்குப் பின்னாலே மனுஷன் இருக்கிறானா என்று பார்த்து விட்டாரா மகராஜா? விறகு பொறுக்க வந்தவள் எவளாவது அந்தப் புற்று ஓரத்திலே குனிந்திருந்தால்?"

இரண்டாயிரம் வருஷமாக யாருக்கும் தோன்றாத இந்தச் சந்தேகம் அவருக்குத் தோன்றியதற்குக் காரணம் உண்டு. அப்போது அவர் ஊருக்குப் பொதுவாக ஒரு வில் பயிற்சி மைதானம் அமைக்கும் முயற்சியில் இருந்தார்.

ஊர், கொல்லி மலையின் அடிவாரத்தில், சமவெளியில் இருக்கிறது. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளிக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்திருப்பார்கள். காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மலை. கீழே குச்சிக்கிழங்குக் காடுகள், கோழிப் பண்ணைகள், வெயிலில் ஜவ்வரிசி உலர்த்தும் களங்கள். வானம் பார்த்த பூமி என்றாலும், உழைப்பால் முட்டையையும் லாரியையும் விளைவித்துக் கொண்ட சீமை. 1997-ல் சேலம் ஜில்லாவிலிருந்து நாமக்கல் தனியாகப் பிரிந்தது. வெயில் மட்டும் இன்னமும் இரண்டுக்கும் பொதுதான்.

மலை மேல் செம்மேட்டில், குதிரை மீது அமர்ந்த ஓரியின் சிலை இருக்கிறது. ஆடி மாதம் 17, 18 தேதிகளில் அங்கே அரசாங்கம் வல்வில் ஓரி விழா நடத்துகிறது. வில் போட்டியும் உண்டு. டிரில் மாஸ்டர் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் போகிறவர். "வருஷத்திலே இரண்டு நாள் ஓரி, ஓரி என்கிறோம். மூன்றாம் நாள் வில்லைப் பரண் மேலே போட்டு விடுகிறோம். பிள்ளைகள் கையிலே வருஷம் பூராவும் வில் இருக்க வேண்டாமா?" என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமானது. ஒரு கமிட்டி கூடியது. கதை எழுதுகிறவனுக்கு மனு எழுதவும் வரும் என்ற நம்பிக்கையில் என்னையும் அதில் சேர்த்துக் கொண்டார்கள்.

அரிசி ஆலை வைத்திருந்த ஒரு பெரியவர் தம்முடைய மேட்டுக் காட்டைக் கொடுக்க முன்வந்தார். ஒன்றரை ஏக்கர். தெற்கு வடக்காக 100 மீட்டர், கிழக்கு மேற்காக 60 மீட்டர். லாரிகள் வைத்திருந்த மற்றொருவர் செலவை ஏற்றுக்கொள்கிறேன் என்றார். அவருடைய மகனுக்கு வில்லில் பைத்தியம். வெளிநாட்டு வில் ஒன்றை லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கி வைத்திருந்தான். ஆக, நிலம் இருந்தது, பணம் இருந்தது, பிள்ளைகளும் இருந்தார்கள். இனி என்ன வேண்டும்?

இங்கேதான் டிரில் மாஸ்டர் அளவு நாடாவை எடுத்தார்.

வில் மைதானம் என்றால் நானும் உங்களைப் போலத்தான் நினைத்திருந்தேன்: இந்தப் பக்கம் ஒருவன் நிற்பான், அந்தப் பக்கம் ஒரு வட்டம் இருக்கும்; நடுவில் இருப்பது வெறும் காற்று. அந்த வெறும் காற்றுக்கு எத்தனை சட்டங்கள் இருக்கின்றன என்பது அப்புறம்தான் தெரிந்தது. எய்கிறவர்கள் வடக்கு நோக்கி நிற்க வேண்டும். கிழக்கு மேற்காக நின்றால் காலையிலோ மாலையிலோ சூரியன் கண்ணைக் குத்தும். எய்கிற கோடு ஒன்று. அதற்கு 5 மீட்டர் பின்னால் காத்திருப்பவர்களுக்கு இன்னொரு கோடு. ஒலிம்பிக் பந்தயத்தில் இலக்கு 70 மீட்டர் தூரத்தில் இருக்கும். அதன் முழு அகலம் 122 சென்டிமீட்டர். நடுவில் பத்துப் புள்ளி பெறும் மஞ்சள் வட்டம் 12.2 சென்டிமீட்டர், ஒரு சின்னத் தோசை அளவு. அந்த வட்டத்தின் மையம் தரையிலிருந்து 130 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பலகை சற்றே பின்னால் சாய்ந்திருக்க வேண்டும்.

இவை எல்லாம் இலக்கு வரைக்கும் உள்ள கணக்கு. டிரில் மாஸ்டருக்கு அதில் அவ்வளவு அக்கறை இல்லை. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் அவருடைய கவலை.

நல்ல வில்லிலிருந்து புறப்படும் அம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 70 மீட்டரைக் கடக்க அதற்கு ஒரு வினாடிக்குச் சற்று அதிகம் ஆகும். கை நழுவி உயரமாகப் போய்விட்டால் 200 மீட்டருக்கு அப்பாலும் விழும். பழகியவன் பலகையைத் தவற விட மாட்டான். ஆனால் மைதானம் கட்டுவது பழகாதவர்களுக்காக அல்லவா? ஆகவே பலகைக்குப் பின்னால் யாரும் நடமாடாத வெற்று நிலம் வேண்டும். நிலம் குறைந்தால் மண் கரையாவது வேண்டும்.

நாடாவைப் பிடித்து அளந்தோம். தெற்கு வேலியிலிருந்து 10 மீட்டர் விட்டு எய்கிற கோடு. அங்கிருந்து 70 மீட்டரில் பலகை. பலகைக்குப் பின்னால் மிஞ்சியது 20 மீட்டர். அதற்கு அப்பால் வடக்கு எல்லையில், இரண்டு பக்கமும் கிளுவை வேலி போட்ட ஓர் இட்டேரி.

இட்டேரி என்றால் கொங்குச் சீமைக்கு வெளியே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டும். இரண்டு காடுகளின் வேலிகளுக்கு நடுவே, ஆடு மாடுகளும் வண்டியும் போக விட்டிருக்கும் தடம். இந்த இட்டேரி வழியாகத்தான் காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவார்கள். பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போவதும் இதிலேதான். சாயங்காலம் சொசைட்டிக்குப் பால் கேன்கள் போகும். பொழுது சாய்கிற நேரத்தில் ஒரு பாட்டி தன் பதினைந்து வெள்ளாடுகளை ஓட்டிக்கொண்டு வருவாள். வில் பழகும் நேரமும் அதே காலையும் அதே சாயங்காலமும்தான். உச்சி வெயிலில் நாமக்கல் மண்ணில் நின்று யாரும் குறி பார்க்க முடியாது.

லாரிக்காரர் இதற்கு ஒரு வழி சொன்னார்: "இட்டேரிக்கு ரெண்டு பக்கமும் கேட்டுப் போட்டிரலாமுங்க. காலையிலே ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். சுற்றிப் போனால் ஒரு கிலோமீட்டர்தானே அதிகம்? ஊருக்கு நல்லது வரும்போது இந்த அளவு பொறுத்துக்க மாட்டாங்களா?"

அவரைக் கெட்டவர் என்று நினைத்து விட வேண்டாம். அவர் பேச்சில் உண்மை இருந்தது. 70 மீட்டர் இல்லாத மைதானத்தில் பழகியவன் பெரிய பந்தயத்துக்குத் தயாராக முடியாது. ஜார்க்கண்டைப் பாருங்கள் என்றார். ராஞ்சியில் ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள் தீபிகா குமாரி, மூங்கில் வில்லில் தொடங்கியவள், ஜாம்ஷெட்பூரில் டாட்டா வில் பயிற்சிக் கழகத்தில் சேர்ந்தாள். 2010 டில்லி காமன்வெல்த் விளையாட்டில் இரண்டு தங்கம் வாங்கினாள். 2012-ல் உலகத்தில் முதலிடம். "சரியான மைதானம் கிடைத்ததால்தானே? நம்ம பிள்ளைகளுக்கு அது வேண்டாமுங்களா?" என்று கேட்டார். 2024-ல் பாரிஸ் வரைக்கும் ஒலிம்பிக் வில் பந்தயத்தில் இந்தியாவுக்கு ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். அந்தப் பெண்ணின் கதையைக் கேட்டபோது கமிட்டியில் பாதிப் பேர் அவர் பக்கம் சாய்ந்து விட்டார்கள். எனக்கும் மனம் சாய்ந்தது.

பால் சொசைட்டிக் காரியதரிசி எங்கேயோ படித்திருந்தார்: பூட்டான் தேசத்தில் வில்தான் தேசிய விளையாட்டு. அங்கே இலக்கு 145 மீட்டர் தூரத்தில் இருக்கும். இந்த முனையில் ஒரு பலகை, அந்த முனையில் ஒரு பலகை. எதிர்க் கட்சிக்காரர்கள் பலகைக்குப் பக்கத்திலேயே நின்று கேலி செய்வார்கள். அம்பு பட்டால் கூத்தாடிப் பாடுவார்கள். "அவங்களே பயப்படலே, 20 மீட்டர் தள்ளிப் போகிறவங்களுக்கு என்ன பயம்?" என்றார்.

"அங்கே நிற்கிறவனுக்கு அம்பு வருவது தெரியும், விலகிக்குவான். நம்ம ஊர் வெள்ளாடு பூட்டானிலே படிச்சதில்லை," என்றார் டிரில் மாஸ்டர்.

இங்கிலாந்தில் நடந்த ஒரு விஷயத்தை நானும் எடுத்து விட்டேன். 1363-ல் மூன்றாம் எட்வர்டு அரசன், உடல் வலுவுள்ள ஆண்கள் எல்லோரும் விடுமுறை நாளில் பந்து விளையாட்டை விட்டு வில் பழக வேண்டும் என்று உத்தரவு போட்டான். ஊருக்கு ஊர் மண் மேடு எழுப்பி அதில் எய்து பழகினார்கள். இன்றைக்கும் அந்தத் தேசத்தில் பல தெருக்கள் அந்த மண் மேட்டின் பெயரைச் சுமந்து நிற்கின்றன. நான் சொல்ல வந்தது, ஊருக்கு ஒரு வில் மைதானம் என்பது புதிய ஆசை அல்ல என்பதைத்தான். டிரில் மாஸ்டர் அதிலிருந்து ஒரே ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்: "மண் மேடு! அதுதான் வேணும்."

மறுநாள் சாயங்காலம் கமிட்டி முழுவதும் இட்டேரியில் போய் நின்றது. ஆட்டுக்காரப் பாட்டி வந்தாள். லாரிக்காரர் மரியாதையாகவே விஷயத்தைச் சொன்னார். பாட்டி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஆடுகள் அதற்குள் கிளுவைக் கொழுந்தைக் கடிக்கத் தொடங்கி விட்டன.

"ஏஞ்சாமி, நான் போற தடத்துலே நீங்க அம்பு உடறீங்களா, இல்லே நீங்க அம்பு உடற தடத்துலே நான் போறனுங்களா?" என்று கேட்டாள்.

சண்டைக்காகக் கேட்கவில்லை. அவளுக்கு அது தெரிய வேண்டியிருந்தது. இரண்டில் முதலாவது என்றால் நாங்கள் விலக வேண்டும். இரண்டாவது என்றால் அவள் விலக வேண்டும். யாரும் பதில் சொல்லவில்லை. பாட்டி சிறிது நேரம் பார்த்துவிட்டு, ஆடுகளை அதட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று இரவு டிரில் மாஸ்டர் தம் முடிவைச் சொன்னார். பலகை 50 மீட்டருக்கு மேல் போகாது. பின்னால் 40 மீட்டர் மிஞ்சும். அதில் மைதானத்தின் அகலத்துக்கு, ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு மடங்காக மண் கரை எழுப்ப வேண்டும். இட்டேரிக்குக் கேட்டு இல்லை. 30 மீட்டரும் 50 மீட்டரும் மூங்கில் வில்லுக்கு உரிய தூரங்கள். நம் தேசத்துப் பந்தயங்களில் இந்தியன் ரவுண்டு என்று அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது. குறி பார்க்கும் கருவி எதுவும் இல்லாமல் வெறும் கண்ணையும் கையையும் நம்பி எய்வது. மூங்கில் வில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். கூலிக்காரர் பிள்ளையும் தொடலாம்.

"பெரிய பந்தயத்துக்குப் போகிற பிள்ளை வந்தால்?" என்று கேட்டார் லாரிக்காரர்.

"வரட்டுமுங்க. அந்தப் பிள்ளையை 70 மீட்டர் இருக்கிற ஊருக்கு நானே பஸ் ஏற்றி விடுகிறேன். 70 மீட்டரை இங்கே கொண்டு வந்து வச்சால், பாட்டியை எந்த பஸ்ஸிலே ஏற்றி விடறது?"

லாரிக்காரர் எழுந்து போய்விட்டார். அவர் கொடுப்பதாகச் சொன்ன பணமும் அவரோடு போயிற்று. அவருடைய மகன் சென்னையில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்ந்தான். ஊரில் இன்னமும் சிலர், கைக்கு வந்ததை டிரில் மாஸ்டர் காலால் தள்ளினார் என்று சொல்லுகிறார்கள்.

பணம் இல்லாததால் மைதானம் கைவேலையில் எழுந்தது. ஜே.சி.பி. ஒரு நாள் மட்டும் வாடகைக்கு வந்து மண் கரையை ஒதுக்கிக் கொடுத்தது. அதற்கு மேல் பிள்ளைகள் கூடைகளில் சுமந்தார்கள். கரை மழையில் கரையாமலிருக்க அருகம்புல் வைத்தார்கள். பலகைக்கு வைக்கோல். களத்தில் உட்கார்ந்து கிழவர்கள் பிரி திரித்தார்கள். அதைப் பாய் போலச் சுருட்டி இறுக்கித் தைத்து வட்டமாக்கினார்கள். பிரி தளர்ந்திருந்தால் அம்பு ஊடுருவிப் போய்விடும். இறுகி இருந்தால் அது தானே கவ்விக்கொள்ளும். பலகை நிற்க முக்காலியை லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் துண்டு இரும்பில் செய்து கொடுத்தார்கள். எட்டு மூங்கில் வில்கள் வந்தன. இட்டேரியின் இரண்டு முனைகளிலும் மூங்கில் கம்பம் நட்டுச் சிவப்புக் கொடி. கொடி ஏறியிருந்தால் உள்ளே எய்கிறார்கள் என்று அர்த்தம். பாதை மூடப்படாது, போகிறவர்கள் ஒரு குரல் கொடுத்தால் எய்கிறவர்கள் நிறுத்துவார்கள்.

நிறுத்துவது என்பது வில்லாளிக்கு எவ்வளவு கஷ்டம் என்று நாண் இழுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இழுத்த நாணை அம்பில்லாமல் விட்டால் வில் முறிந்து போகும். ஆகவே மெதுவாகத் திரும்ப விட வேண்டும். தோள் நடுங்கும், பார்த்து வைத்த குறி கலைந்து போகும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பாட்டியின் பதினைந்து ஆடுகளுக்காகச் சாயங்காலந்தோறும் பிள்ளைகள் இதைச் செய்கிறார்கள்.

டிரில் மாஸ்டர் அவர்களுக்கு முதல் வாரம் வில்லையே கொடுக்கவில்லை. விசிலை மட்டும் கற்றுக் கொடுத்தார். உலகப் பந்தயங்களில் உள்ள அதே முறை. இரண்டு விசில் ஊதினால் கோட்டுக்கு வர வேண்டும். ஒன்று ஊதினால் எய்யலாம். மூன்று ஊதினால் வில்லை வைத்துவிட்டு எல்லோரும் ஒன்றாக நடந்து போய் அம்புகளைப் பிடுங்க வேண்டும். ஐந்துக்குக் குறையாமல் தொடர்ந்து ஊதினால் ஆபத்து. அப்படியே நிறுத்த வேண்டும். யாராவது ஒருவர் முன்னால் இருக்கும் வரை ஒரு நாணும் அசையக் கூடாது. அம்பைப் பிடுங்குகிறவன் முதலில் திரும்பிப் பார்க்க வேண்டும், பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று. பிடுங்குகிற வேகத்தில் அம்பின் வால் அவர் கண்ணில் படலாம்.

இந்த மைதானத்தில் ஒரு பெண் பழகுகிறாள். மலை மேல் ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். கீழே விடுதியில் தங்கிப் படிக்கிறாள். பதினான்கு வயது இருக்கும். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அவள் அம்புகள் 50 மீட்டரில் பெரும்பாலும் மஞ்சளிலும் சிவப்பிலுமே போய் நிற்கின்றன. மூங்கில் வில்லைக் கொண்டு இது சாதாரணமல்ல என்று டிரில் மாஸ்டர் சொல்லுகிறார். சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கி விடுகிறது. 70 மீட்டர் இருந்திருந்தால் என்ற நினைவு அவருக்கு வராமல் இல்லை. யாரை மனத்தில் வைத்துக்கொண்டு லாரிக்காரர் வாதாடினாரோ, அந்தப் பிள்ளை இதோ வந்து நிற்கிறாள். ஆனால் அவள் லாரிக்காரர் வீட்டுப் பிள்ளை அல்ல. தானாகப் பஸ் ஏறிப் போகக் கூடியவளும் அல்ல. டிரில் மாஸ்டர் தம் பென்ஷனில் அவளுக்காக மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைக்கிறார். என்னை மறுபடி மனுக்கள் எழுதச் சொல்கிறார். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவளிடம் ஒரு நாள் கேட்டேன்: "இன்னும் 20 மீட்டர் தள்ளி வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே அம்மா?"

"பக்கத்திலே இருந்தாலும் நடுவிலேயே படறது கஷ்டந்தானுங்க ஐயா," என்றாள். சற்றுப் பொறுத்து, "அந்தத் தடத்திலேதான் எங்கம்மா என்னைப் பார்க்க வருவாங்க," என்று சேர்த்துக் கொண்டாள்.

அவள் சொன்னது ஒரு தீர்ப்பு என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. பதினான்கு வயதுப் பெண் தனக்கு என்ன கிடைக்காமல் போயிற்று என்பதை முழுவதும் அறிந்திருக்க மாட்டாள். அதை அறிந்தவர் டிரில் மாஸ்டர்தான். அறிந்தும் அவர் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ளாததற்காகத் தூக்கம் கெடாமலும் இல்லை. பொதுக் காரியம் செய்கிறவர்களுக்கு இந்த இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

ராசிபுரத்தில் கைலாசநாதர் கோயில் இருக்கிறது. ஓரி ஒரு பன்றியைத் துரத்திக்கொண்டு வந்து அம்பு விட்டான். தேடிப் பார்த்தால் பன்றி இல்லை, அம்பு ஒரு சிவலிங்கத்தின் மேல் பட்டிருந்தது. பதறிப் போய் அங்கே கோயில் எடுத்தான் என்று கதை சொல்வார்கள். இந்தக் கதையை டிரில் மாஸ்டருக்கு நினைவூட்டினேன். யானை, புலிப் பாட்டை விட இது அவருக்குப் பிடித்திருந்தது.

"அப்போ மகராஜாவுக்கும் புத்தி வந்திருக்குதுங்க," என்றார். "இனிமேல் வந்தால் உள்ளே விடலாம். ஆனால் முதல் வாரம் விசில்தான்."